கிட்டப்பா குரலும் தேய்ந்த முள்ளும்

எஸ்.ஜி. கிட்டப்பாவைப் பற்றி எழுதுகிற எல்லாரும் (நானும்தான்) முதலிலேயே ஒரு மன்னிப்பு கேட்டுக்கொள்கிறோம். பழைய பதிவு, கரகரப்பைப் பொறுத்துக்கணும், மேல் ஸ்தாயியில் கொஞ்சம் கீச்சென்று இருக்கும், அந்தக் காலத்துக் குரல் அப்படி. 1933இல், 27 வயதில் இறந்துபோன ஒருவரின் பாட்டுக்கு இசைத்தட்டைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அந்தச் சாட்சியை நாம எதை வைத்து விசாரிக்கிறோம் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

தியாகதுருகத்தில் ஒரு நண்பர் வீட்டுப் பரணில் கிடந்த பெட்டியில் 'எவரனி' தட்டு இருந்தது. அவரிடம் 78 சுற்றுத் தட்டுக்கென்றே 65 மைக்ரான் வைர முள் வைத்த, விலை கூடிய மூவிங் காயில் கார்ட்ரிட்ஜ் ஒன்றும் இருந்தது. செகண்ட் ஹேண்டில் வாங்கினது. போட்டோம். குரல் மேலே ஏறும் இடத்திலெல்லாம் பிளந்தது. தட்டு தேஞ்சுபோச்சு, அவ்ளோதான் என்று முடிவு கட்டிவிட்டோம்.

ஒரு மாதம் கழித்துத்தான் முள்ளை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். உருண்டையாக இருக்கவேண்டிய நுனியின் இரண்டு பக்கமும் தட்டையாகி, ஓரம் உளி மாதிரி நின்றது. போதாக்குறைக்கு முள்ளைத் தாங்கும் மெல்லிய தண்டு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அரக்குத் தட்டில் கல்தூள் கலந்திருக்கும். இரும்பு ஊசியைத் தன் பள்ளத்துக்கு ஏற்ப அராவிக்கொள்ளத்தான் அது. அதனால்தான் ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்று கணக்கு. (சிக்கனம் பார்த்து ஒரே ஊசியில் பத்துப் பக்கம் ஓட்டிய வீடுகள் எத்தனையோ.) வைரத்தையும் அது விட்டுவைக்காது, நாளாகும்.

சாய்வு ஏன் முக்கியம்? 78 தட்டில் பாட்டு பக்கவாட்டு அசைவில்தான் இருக்கிறது. பள்ளத்தின் இரண்டு சுவரும் சொல்வது ஒரே விஷயம். ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜின் இரண்டு சேனலையும் கூட்டினால், மேலும் கீழுமாக வரும் தூசிச் சத்தம் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். முள் சாய்ந்திருந்தால் அந்தக் கழிவு முழுதாக நடக்காது. நாம் கரகரப்பு என்று சொன்னதில் ஒரு பங்கு அதுதான்.

மூவிங் காயிலில் முள்ளை நாமே கழற்றி மாற்ற முடியாது. காயில் தண்டின் மறுமுனையிலேயே இருக்கிறது. ரிப்பேருக்கு வெளிநாடு போய் வந்தது: தண்டை நிமிர்த்தவில்லை (நிமிர்த்திய அலுமினியத்தை நம்ப முடியாது), வேறு தண்டு, புது வைரம். உள்ளே உள்ள ரப்பர் பழசுதான். 'இப்ப இது பழைய கார்ட்ரிட்ஜே இல்ல' என்று மூக்கைச் சுளிக்கும் ஆடியோ ரசிகர்கள் உண்டு. எல்.பி.க்கு அந்த வாதம் கொஞ்சம் செல்லும். எனக்கு வேண்டியது கிட்டப்பா.

மறுபடி அதே தட்டு. அதிசயமெல்லாம் நடக்கவில்லை. பக்கத்தின் கடைசிப் பகுதி இப்போதும் உடைகிறது. அங்கே இரும்பு ஊசிகள் சுவரையே தின்றிருக்கின்றன. ஆனால் பிருகாக்கள் தனித்தனியாகக் கேட்டன. முன்பு இழுப்பு மாதிரி இருந்தது இப்போது நிறுத்தி நிறுத்தி உதிர்ந்தது. மேல் ஸ்தாயியில் கீச்சு இல்லை, காற்று இருந்தது. 'தொண்டையை இறுக்கிப் பாடுகிறார்' என்று நான் முன்பு எழுதிய ஒரு வரியை இங்கேயே திரும்பப் பெறுகிறேன். இறுக்கம் முள்ளில் இருந்தது.

இணையத்தில் சுற்றும் பழைய நாடகப் பாட்டுகளின் மேல் எனக்குள்ள புகார் இதுதான். 18 மைக்ரான் எல்.பி. முள்ளில் 78 தட்டை ஓட்டினால் அது சுவரைத் தொடாமல் பள்ளத்தின் அடி அழுக்கில் உருளும். பிறகு அந்த இரைச்சலை மென்பொருளால் வழித்தெடுக்கும்போது குரலின் மேல்பகுதியும் கூடப் போகிறது. மிச்சத்தைக் கேட்டு எத்தனை கட்டை, என்ன சாரீரம் என்று நாம் கட்டுரை எழுதுகிறோம். பதிவேற்றுகிறவர்கள் முள்ளின் அளவைக் குறிப்பிட்டு, இரண்டு சுவரையும் தனித்தனிச் சேனலாக, வழிக்காத கோப்பாகவும் வைத்தால் போதும். எந்தச் சுவர் குறைவாகத் தேய்ந்தது என்று பின்னால் வருகிறவர் பார்த்துக்கொள்வார்.

நண்பர் இப்போது 75 மைக்ரான் முள் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறார். இரும்பு ஊசி உரசாத உயரத்தில் சுவரைத் தொட்டால், அந்தக் கடைசிப் பகுதியும் கேட்குமோ என்று பார்க்க.