ஷப்பீரா தோற்சுவடி: மெய்ம்மையும் போலியும் பற்றிய ஒரு மறுநோக்கு

பண்டைய ஆவணமொன்று மெய்யானதா, போலியானதா என்பது தொல்லெழுத்தியலாளரும் மொழியறிஞரும் மாத்திரம் தீர்க்கும் வினாவாகக் கருதப்படுவதுண்டு. அத்தீர்ப்பு எத்தகைய சமூகச் சூழலில் வழங்கப்படுகின்றது என்பதும் ஆராயப்படல் வேண்டும். விவிலியச் சுவடிகள் பற்றிய விவாதங்களுள் இதனைத் தெளிவாக உணர்த்துவது ஷப்பீரா தோற்சுவடி பற்றியதாகும்.

எருசலேமில் தொல்பொருள் வாணிகம் செய்த மோசஸ் வில்கெல்ம் ஷப்பீரா, பழைய எபிரெய எழுத்தில் அமைந்த தோற்கீற்றுகள் சிலவற்றை 1883இல் இலண்டனுக்குக் கொண்டுவந்தார். சாக்கடலுக்குக் கிழக்கேயுள்ள குகையொன்றிலிருந்து அவை கிடைத்தன என்றார். உபாகமத்தின் வேறுபட்ட வடிவமொன்றும், வழக்கிலுள்ள பாடத்தினின்று மாறிய பத்துக் கட்டளைகளும் அவற்றிற் காணப்பட்டன. அவர் கேட்ட விலை பத்து இலட்சம் பவுண். பிரெஞ்சு அறிஞர் கிளேர்மோன்-கன்னோவும், பிரித்தானிய நூதனசாலைக்காக ஆராய்ந்த கின்ஸ்பேர்க்கும் அவற்றைப் போலியென அறிவித்தனர். 1884 மார்ச்சில் றொட்டர்டாமில் ஷப்பீரா தற்கொலை செய்துகொண்டார். 1885இல் பத்துப் பவுணுக்குச் சற்றே கூடிய விலைக்கு ஏலத்தில் விற்கப்பட்ட கீற்றுகள் பின்னர் தொலைந்துபோயின.

1883ஆம் ஆண்டின் தீர்ப்பில் இருவகை நியாயங்கள் கலந்திருந்தன. பிற்காலத் தோராச் சுருளொன்றின் கீழோரத்தை வெட்டியே கீற்றுகள் ஆக்கப்பட்டன என்பதும், மொழியிலும் எழுத்திலும் வழுக்கள் உள என்பதும் பொருளையே சோதித்தெழுந்தவை, அவை ஆய்வுக்குரியன. முன்னர் அவர் ஜேர்மனியருக்கு விற்ற மோவாபிய மட்பாண்டங்கள் போலியாயிருந்தமையாற் கீற்றுகளும் போலியே என்பது அத்தகையதன்று. அது வணிகரைப் பற்றிய ஐயம். சுவடியைப் பற்றிய சான்றாகாது. 'பஞ்ச்' இதழின் கேலிச்சித்திரம் அவரை யூதருக்கெனக் கற்பிக்கப்பட்ட தோற்றத்தில் வரைந்தது, இவ்வையத்தோடு இனத் துவேஷமும் கலந்திருந்தமையைக் காட்டும். இத்துணைக் காலம் தோல் அழியாதிருத்தல் இயலாது என்ற வாதமோ, 1947இல் கும்ரான் குகைகளில் சுருள்கள் வெளிப்பட்டதும் வலுவிழந்தது.

கும்ரானுக்குப் பின்னர் 1956இல் மெனகெம் மன்சூர் விவாதத்தை மீளத் தொடக்கினார். 2021இல் இடான் டேர்ஷோவிற்ஸ், கீற்றுகள் மெய்யானவை என்றும், உபாகமத்துக்கு முற்பட்ட பாடத்தைக் கொண்டவை என்றும் வாதிட்டார். வாசிக்கத் தடுமாறியவரின் கேள்விக்குறிகளும் திருத்தங்களும் ஷப்பீராவின் கையெழுத்துக் குறிப்புகளில் உள்ளமை அவரது சான்றுகளுள் ஒன்று. ஆயினும் இக்குறிப்புகள், ஷப்பீரா தாமே அவற்றைப் புனையவில்லை என்பதற்கே துணைநிற்கும்; வேறொருவர் புனைந்து அவரிடம் விற்றிருக்கக்கூடும். பாடம் தொன்மையானதாகத் தோன்றுவதும் முடிவான சான்றாகாது. ஐந்நூல்களின் அடுக்குகளைப் பிரித்தறியும் மூலபாடத் திறனாய்வு 1883க்கு முன்னரே வளர்ந்திருந்தது. அதனைக் கற்றவர் அத்தகைய பாடமொன்றை ஆக்குதல் இயலாததன்று. கும்ரான் கண்டுபிடிப்பும் தோல் நிலைத்திருக்கக்கூடும் என்பதையே நிறுவிற்று. இக்கீற்றுகளின் தொன்மையை அன்று.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சி வாஷிங்டனிலுள்ள விவிலிய நூதனசாலையில் நிகழ்ந்தது. அங்கிருந்த சாக்கடற் சுருள் துண்டுகள் 16உம் போலியானவை என 2020இல் நிறுவப்பட்டது. செல்வமும் நிறுவனப் பெருமையும் சூழ்ந்திருந்தமையால் அவை புலமையாளரின் பதிப்பிலும் இடம்பெற்றிருந்தன. பழைய தோலில் அண்மைக்காலத்தில் எழுதப்பட்டவை என்பதை வெளிப்படுத்தியது, வெடிப்புகளிலும் படிவுகளின் மீதும் மை பரவியிருந்தமையாகும். ஷப்பீராவிடம் இகழ்ச்சியும் இங்கு மதிப்பும், தீர்ப்பைத் தத்தம் பக்கம் சாய்த்தன. பின்னதில் பிழை திருத்தப்பட்டமைக்குக் காரணம், பொருள் கையிலிருந்தமையே.

மெய்ம்மை பற்றிய முடிவு, கொண்டுவந்தவரின் குலத்தையோ கொள்வோரின் செல்வத்தையோ பற்றியதன்று. தோலும் மையும் எழுத்தும் கிடைத்த இடமும் பற்றியதே அது. ஷப்பீரா கீற்றுகள் போலியாயிருந்திருக்கலாம்; என் கருத்தில் வழக்கு இன்னும் தீராததே. ஆனால், போலியென்று ஒதுக்கியதோடு பேணும் பொறுப்பையும் கைவிட்டமை, மறுவிசாரணைக்கு இருந்த ஒரே வழியை அடைத்துவிட்டது. ஐயத்துக்குரிய ஆவணத்தையும் காத்துவைத்தல் நூதனசாலைகளின் கடனாகும்.