விடை சரி, கணக்கு தப்பு

நான் நீரியல் படித்தவன் இல்லை, சாஃப்ட்வேர் ஆள். மலையாறுகளின் நீரோட்டத்தைக் கணிக்கும் மாடல்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் ஒரு விஷயம் உறுத்துகிறது. ஆற்றில் அளந்த நீரோட்டத்தோடு கணிப்பு ஒத்துப்போனால், மாடல் சரி என்று எழுதிவிடுகிறார்கள்.

ஒத்துப்போவதை அளக்க 1970இல் வந்த நாஷ்-சட்கிளிஃப் எண்ணைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். 1 வந்தால் முழுப் பொருத்தம். 0 வந்தால், வெறும் சராசரியைச் சொல்வதற்கும் மாடலுக்கும் வித்தியாசம் இல்லை. ஆனா பனி உருகி ஓடுற ஆற்றில் கோடையில் தண்ணீர் அதிகம், குளிரில் குறைவு. அதைச் சொன்னாலே நல்ல ஸ்கோர் வந்துடும்!

காரகோரத்தின் ஹன்ஸா ஆற்றை எடுத்துக்கோங்க. மழைமானிகள் பெரும்பாலும் பள்ளத்தாக்கில். பனி கொட்டுவதோ உச்சியில். ஆகவே பொழிவுக் கணக்கு குறைகிறது. ஆற்றிலோ தண்ணீர் நிறைய. மாடல் என்ன செய்யும்? பனியாற்றைக் கூடுதலாக உருக்கி இடைவெளியை நிரப்பும்.

ஒரு பேச்சுக்கு: பொழிவு 300 மி.மீ., பனியாறு இழப்பது 400, மொத்தம் 700. இன்னொரு மாடலில் பொழிவே 700, பனியாற்றுக்கு இழப்பே இல்லை. ஆவியாவதை விட்டுடுவோம். இரண்டுக்கும் ஒரே ஸ்கோர்தான். ஆனால் முதல் மாடல்படி பனியாறு தீர்ந்ததும் ஆறு 300க்கு இறங்கும். இரண்டாவதில் ஆண்டு மொத்தம் அப்படியே இருக்கும். எங்க தொழிலில் இதற்குப் பேர், இரண்டு பிழை சேர்ந்து டெஸ்ட் பாஸ் ஆவது.

2015இல் இம்மர்சீல் குழு மேல் சிந்து வடிநிலம் பற்றி எழுதிய கட்டுரை எனக்குப் பிடித்தது இதனால்தான். கணக்கைத் திருப்பிப் போட்டார்கள்: பனியாறுகள் இப்போதிருக்கும் நிலையில் நீடிக்க எவ்வளவு பனி விழுந்திருக்க வேண்டும்? முன்பு நினைத்ததைவிட சில இடங்களில் 10 மடங்கு வரை என்று விடை வந்தது. அதன் பிறகே ஆற்று அளவுகளோடு ஒப்பிட்டார்கள்.

குறையும் உண்டு. பனியாற்றுக் கணக்கில் பிழை இருந்தால் அது நேராகப் பொழிவுக் கணக்கில் போய் உட்காரும். உச்சியில் நேரடி அளவீடுகள் கூடாமல் இது தீராது.

சிந்துவை நம்பி விவசாயம் செய்யும் கோடிக்கணக்கானவர்களுக்கு 300க்கும் 700க்கும் உள்ள வித்தியாசம் சும்மா எண் இல்லை. அடுத்த முறை இப்படியொரு கட்டுரை கிடைத்தால், ஸ்கோரைப் பார்ப்பதற்கு முன் பனியாற்றுக் கணக்கைச் சரிபார்த்தார்களா என்று தேடுங்க. இல்லையென்றால் அந்த ஸ்கோரை நான் நம்பமாட்டேன்.