அறம் கருதிய தொகைநூலும் வாசகர் மதிப்பீடும்

தோற்றுவாய்

ஒரு நூல் எதன்பொருட்டு விற்கப்படுகின்றது என்னும் செய்தி, அதன் இலக்கியத் தகுதியை மதிப்பிடுவார்க்கு வேண்டுவதோ, வேண்டாததோ? நூலின் வருவாய் நோயுற்றார்க்கோ இடருற்றார்க்கோ செல்லும் என அறிவித்து வெளிவரும் தொகைநூல்கள் இக்காலத்துப் பல. அவற்றை வாங்கிப் படிப்போர் இரு நிலையினர் ஆகின்றனர். பொருள் கொடுக்குங்கால் உதவுவோராகவும், படித்துக் கருத்துரைக்குங்கால் மதிப்பிடுவோராகவும் அவர் நிற்கின்றனர். இவ்விரு நிலையும் தம்முள் மயங்கின் மதிப்பீடு என்னாகும் என்பதை, 2013-இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘அன்ஃபெட்டர்டு’ என்னும் சிறுகதைத் தொகையினையும் அதுபற்றி வாசகர் கூறிய கருத்துக்களையும் கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூல் எழுந்த வரலாறு

ஆங்கிலத்தில் ‘ஃபேன்டசி’ என வழங்கும் புனைவு வகையை ஈண்டு யாம் மிகுபுனைவு எனக் குறிப்போம். இயற்கை இறந்த உலகமும், அங்கு வாழும் உயிர்களும், மந்திர ஆற்றலும் அதன் பொருளாவன. அத்துறை எழுத்தாளருள் ஒருவரான ஷான் ஸ்பீக்மன் என்பார்க்கு 2011-இல் ஹாட்ஜ்கின் வகை நிணநீர்ப் புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டது. அவர்க்கு மருத்துவக் காப்பீடு இல்லை. மருத்துவம் பயன் தந்தது. ஆயின் ஏறத்தாழ 2 இலட்சம் டாலர் கடனும் உடன் வந்தது. முன்னரே நோயுற்றிருந்த வயதுவந்தோர்க்குக் காப்பீடு மறுத்தலாகாது என்னும் விதி 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்றதாயினும், 2014 சனவரியிலேயே அந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. காப்பீடு இல்லாதார்க்கு நோயும் கடனும் ஒருங்கே வருவது அந்நாளில் அங்கு அரிய நிகழ்ச்சி அன்று.

இந்நிலையில் ஸ்பீக்மன் தம் துறை நண்பர்களைக் கதை ஒன்று தந்துதவுமாறு வேண்டினார். டெரி புரூக்ஸ், பாட்ரிக் ராத்ஃபஸ், டாட் வில்லியம்ஸ், நவோமி நோவிக், ஜாக்குலின் கேரி, டேனியல் ஆபிரகாம், பிராண்டன் சாண்டர்சன் முதலிய பலர் உதவினர். 20-க்கு மேற்பட்ட கதைகள் ஒரு நூலாயின. ‘அன்ஃபெட்டர்டு’ என்பதற்குத் ‘தளை நீங்கியது’ என்பது பொருள். கடனாகிய தளை ஒருவர்க்கு நீங்குதலையும், இன்னது எழுதுக என்னும் தளை எழுத்தாளர்க்கு இன்மையையும் அப்பெயர் ஒருங்கே குறித்தது. இவ்விரண்டாம் பொருளே நூலின் இயல்பை உறுதி செய்தது என்பது பின்னர் விளங்கும்.

கருத்துக்களின் வகை

இந்நூல் பற்றி வாசகர் கூறியனவற்றைத் தொகுத்து நோக்கின், அவை மூன்று திறத்தன எனலாம். நோக்கம் நன்று, ஆதலின் நூலும் நன்று என்பது முதலாவது. கதைகள் பல, ஆசிரியர்தம் பெருந்தொடர்களின் கிளைகளாகவும் எச்சங்களாகவும் உள்ளன, ஆதலின் தொடரை அறியாதார்க்கு அவை பயன்படா என்பது இரண்டாவது. கதைகள் தம்முள் ஒவ்வாதன, சில மிகுபுனைவே அல்ல, ஆதலின் தொகைக்கு ஒருமை இல்லை என்பது மூன்றாவது. இம்மூன்றையும் முறையே ஆராய்வாம்.

நோக்கம் பற்றிய கருத்து

முதற் கருத்தினர் நூலின் குறைகளை அறியாதவர் அல்லர். அறிந்தும் கூறாது விடுகின்றனர். அல்லது கூறியபின் அறச்செயல் ஆதலின் பொறுக்க என்கின்றனர். இதற்கு அவர் கொள்ளும் காரணமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. குறை கூறின் நூல் விலைபோதல் குறையும். குறையின் நோயாளியின் கடன் தீராது. எனவே ஒரு கதையைப் பற்றிய கடுஞ்சொல் ஒருவர் வாழ்வைத் தாக்கும் என்பது அவர் அச்சம்.

ஈண்டு ஒரு வேறுபாட்டைத் தெளிதல் வேண்டும். வள்ளுவர் ஒப்புரவறிதல், ஈகை என இரண்டு அதிகாரங்களை 22, 23 என அடுத்தடுத்து வைத்தார். ஒன்றே போதும் எனில் இரண்டு வையார். இல்லாது ஏற்பார்க்குக் கொடுத்தல் ஈகை. தம்மோடு உலகில் உடன்வாழ்வார்க்கு நடையறிந்து உதவுதல் ஒப்புரவு. 2004 திசம்பர் 26-இல் தமிழகம், ஈழம் உள்ளிட்ட பல நாட்டுக் கரைகளைச் சிதைத்த ஆழிப்பேரலையின் பின்னர், 2006-இல் ‘எலிமென்டல்’ என்னும் அறிபுனைவு, மிகுபுனைவுத் தொகை ஒன்று ஸ்டீவன் சவில், அலேதியா கான்டிஸ் ஆகியோரால் தொகுக்கப்பெற்று அமெரிக்காவில் வெளிவந்தது. இலங்கையில் நெடுங்காலம் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க் அதற்கு முன்னுரை தந்தார். வருவாய், குழந்தைகள் காப்பு அமைப்பின் துயர்துடைப்புப் பணிக்கு உரியதாயிற்று. ஆண்டுக் கொடுப்போரும் கொள்வோரும் ஒருவரை ஒருவர் அறியார். அந்நூலின் அறம் ஈகையின்பாற்படும். ‘அன்ஃபெட்டர்டு’ நூலிலோ கொடுப்போரும் கொள்வோரும் ஒரு தொழிலர். வாசகரும் அவ்வுலகினரே. அவர் விலை கொடுத்தார், நூல் பெற்றார். ஈண்டு நிகழ்ந்தது ஒப்புரவு என்க.

ஒப்புரவில் கொள்வோர் தாழ்ந்தவர் ஆவதில்லை. ஆதலின் அவர் நூலுக்கு இரங்கித் தரம் தாழ்த்தி அளத்தல், உதவியன்று. அவரைத் தொழிலுலகினின்று இரவலர் நிலைக்குத் தள்ளுதலாகும். மேலும், கதையைத் தந்த எழுத்தாளர்க்கும் அது மதிப்பாகாது. கொடுத்த பொருள் நல்லதோ என ஆராயாமலே ஏற்கப்படுமாயின், நல்லது கொடுத்தார்க்கும் எளிது கொடுத்தார்க்கும் வேறுபாடு இன்றாம்.

விற்பனை குறையும் என்னும் அச்சத்திற்கும் விடை உண்டு. ‘இந்நூலை வாங்குக’ என்பதும் ‘இக்கதை சிறந்தது’ என்பதும் இருவேறு கூற்றுக்கள். முன்னதைக் கூறிப் பின்னதை மறுத்தல் முரணாகாது. இவ்வாறு பிரித்துரைத்த வாசகரும் உளர். அவர் கருத்தே பிறர்க்குப் பயன்படுவது. இவ்வரிசையில் 2016-இல் இரண்டாம் தொகையும் 2019-இல் மூன்றாம் தொகையும் வெளிவந்தன. மருத்துவக் கடனுற்ற பிற எழுத்தாளர், ஓவியர் ஆகியோர்க்கு உதவும் நோக்குடன் இம்முயற்சி தொடர்ந்தது. முதல் தொகையைப் பற்றிய புகழ் பொய்ப்புகழாயின் அடுத்த தொகையை நம்பி வாங்குவார் யாவர்? மெய்யுரைத்தலே நெடுநாள் நோக்கில் அறத்திற்கும் அரணாவது.

தொடர்க் கிளைகள் பற்றிய கருத்து

இரண்டாம் கருத்துக்கு இலக்காகிய கதைகளுள் தலையாயது ‘ஆன்மாக்களின் ஆறு’ எனப் பொருள்படும் பெயருடையது. ராபர்ட் ஜோர்டன் 2007-இல் மறைந்தபின், அவருடைய ‘காலச் சக்கரம்’ என்னும் பெருந்தொடரை அவர் விட்டுச்சென்ற குறிப்புக்களைக் கொண்டு சாண்டர்சன் நிறைவு செய்தார். 14-ஆவதாகிய இறுதித் தொகுதி 2013 சனவரியில் வெளிவந்தது. அதனுள் இடம்பெறாது நீக்கப்பட்ட பகுதியே இத்தொகையில் கதையாக உள்ளது. தொடரைக் கற்றார்க்கு இது பெருவிருந்து. இறுதித் தொகுதியில் திடுமெனப் பெரும்படையொடு தோன்றும் பகைவன் ஒருவன் அதற்குமுன் யாது செய்தான் என்பதை இதனால் அவர் அறிகின்றனர். கல்லார்க்கோ பெயர்களும் இடங்களும் காரணம் விளங்காத செயல்களுமே எஞ்சுகின்றன.

இவ்வேறுபாட்டைச் சுவை வேறுபாடு எனக் கொண்டு அமைதல் கூடாது. சிறுகதை தன்னுள் தானே நிறைவுறல் வேண்டும் என்பது அதன் இலக்கணம். பெருங்கதையின் உறுப்பாக இருந்தது தனித்து வைக்கப்படின் சிறுகதை ஆகிவிடாது. ஆதலின் இக்குறையைக் கூறிய வாசகர் கூறியது சரியே. ஆயின் அவருட் சிலர் ஒருபடி மேற்சென்று, எழுத்தாளர் தமக்குப் பயன்படாததை அறத்திற்குத் தந்தனர் என்றனர். இது பொருந்தாது. நீக்கப்பட்ட பகுதியை வெளியிடுதல், ஆசிரியன் தான் தள்ளியதைப் பிறர் காண வைத்தலாகும். அது எளிய கொடை அன்று. கதையின் குறையைக் கொண்டு கொடுத்தவர் மனத்தை அளத்தல் திறனாய்வின் எல்லையைக் கடத்தலாகும்.

பழைய கதை எல்லாம் எச்சம் அன்று என்பதற்கு டெரி புரூக்ஸின் ‘கற்பனை நண்பர்கள்’ என்னும் கதை சான்று. இது 1991-இல் வேறொரு தொகையில் முதற்கண் வெளிவந்தது. குருதிப் புற்றுநோய் கண்ட சிறுவன் ஒருவன், பூங்காவில் வாழும் கையளவு உருவினனாகிய ஒரு மாய உயிரைக் காண்கின்றான். அப்பூங்காவிலுள்ள தீய உயிர் ஒன்றோடு பொருதலும் அவன் நோயோடு பொருதலும் ஒன்றாகின்றன. அந்நண்பன் மெய்யோ, நோயுற்ற மனத்தின் படைப்போ என்னும் ஐயம் கதை முழுதும் தொடர்கின்றது. பிற்காலத்து 1997 முதல் புரூக்ஸ் எழுதிய நாவல் வரிசையின் வித்து இக்கதையே. ஆயினும் அவ்வரிசையை அறியாதாரும் இதனை முழுமையாகத் துய்க்கலாம்.

இக்கதை 1991-இல் சிறுவன் ஒருவனது அச்சம் பற்றிய கதையாக இருந்தது. 2013-இல், நிணநீர்ப் புற்றுநோயினின்று மீண்ட ஒருவரின் கடன் தீர்க்கும் நூலில் இடம்பெற்றபோது, சொல் ஒன்றும் மாறாமலே பொருள் விரிந்தது. நோயாளிக்குத் துணை யாவர் என்னும் கதையின் வினாவிற்கு, கதையைச் சூழ்ந்த நூலே ஒரு விடையாக நிற்கின்றது. அறநோக்கம் மதிப்பீட்டினுள் புகுதற்கு உரிய வாயில் இதுவே. நோக்கம் கதைக்குள்ளோ கதையின் வைப்புமுறைக்குள்ளோ புகுந்து பொருள் செய்யுமாயின் அதனை எண்ணலாம். அவ்வாறன்றிப் புறத்தே நின்று இரக்கம் வேண்டுமாயின் எண்ணலாகாது.

ஒருமை பற்றிய கருத்து

தொகைக்கு ஒருமை வேண்டும் என்பது தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. குறுந்தொகை 4 அடி முதல் 8 அடி வரை, நற்றிணை 9 முதல் 12 வரை, அகநானூறு 13 முதல் 31 வரை என அடியளவும் பொருளும் கொண்டு வகுக்கப்பட்டன. ஐங்குறுநூறு தொகுத்தவர் கூடலூர் கிழார் எனவும், தொகுப்பித்தவன் மாந்தரஞ்சேரல் இரும்பொறை எனவும் பிரித்துக் கூறும் மரபும் உண்டு. தொகுப்பித்தவன் கொடையால் நூல் உருப்பெற்றது. அளவை வகுத்தது தொகுத்தவர் அறிவு.

‘அன்ஃபெட்டர்டு’ நூலில் இவ்வளவை இல்லை. விரும்பியது எழுதுக என்பதே விதி. அதன் விளைவு இருபாலது. ராத்ஃபஸின் சிறுகதை, ஹாலி என்னும் முள்ளிலை மரம் ஒன்றின் உணர்விலேயே நிகழ்கின்றது. குறுகிய சொற்றொடர்களும் மீண்டும் மீண்டும் வரும் சொற்களும் மரத்தின் மெல்லிய அறிவு வளர்ச்சியைக் காட்டுகின்றன. இதனைச் செய்யுள் எனப் போற்றினாரும் உளர். ஒன்றும் நிகழவில்லை எனக் கடிந்தாரும் உளர். வில்லியம்ஸின் கதையில் முதுமையுற்ற வீரன் ஒருவனும் முதுமையுற்ற டிராகன் ஒன்றும் போர் செய்வதுபோல் நடித்துப் பொருளீட்ட உடன்படுகின்றனர். இந்நகைச்சுவையைப் பலரும் ஒருமுகமாக விரும்பினர்.

மிகுந்த மாறுபாட்டிற்கு இடமாகியது ஆபிரகாமின் ‘நாய்கள்’. இதில் மந்திரம் இல்லை. மாய உயிர் இல்லை. நாய்களால் கடித்துக் குதறப்பட்ட ஒருவன் உடல் தேறியும் உள்ளம் தேறாது, எதிர்ப்படும் நாய்களுள் தீங்கற்றது எது என அறியும் வழியின்றி நடுங்குகின்றான். மிகுபுனைவு நாடி நூலை வாங்கினோர் சிலர் இது இங்கு ஏன் என வினவினர். தொகையுள் தம்மை நெடுநாள் விடாது தொடர்ந்தது இதுவே என்றாரும் உளர். இருவர் கூற்றும் உண்மையே. வகையின் அளவை கொண்டு தொகுப்பார் ஒருவர் இக்கதையைத் தவிர்த்திருத்தல் கூடும். ஒப்புரவின்பொருட்டு வாயில் திறந்திருந்தமையால் இது உள்ளே வந்தது. எனவே ஒருமை இன்மையும் அரிய கதை ஒன்று கிடைத்தமையும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள். ஒன்றைப் புகழ்வார் மற்றொன்றையும் ஏற்றல் வேண்டும்.

முடிபு

மேற்கூறியவற்றால் பெறப்படுவன: அறநோக்கம் ஒரு தொகையை வாங்குதற்குப் போதிய காரணமாம், புகழ்தற்குக் காரணம் ஆகாது. அந்நோக்கம் எழுத்தாளர்க்கு அளித்த உரிமை நூலின் குறைக்கும் நிறைக்கும் மூலமாதலின், அதனைத் திறனாய்வாளர் அறிந்திருத்தல் வேண்டும்; ஆனால் அதன்பொருட்டு அளவுகோலைக் குறைத்தல் வேண்டா. ‘கற்பனை நண்பர்கள்’ போல நோக்கமும் கதையும் ஒன்றையொன்று பொருளுறுத்தும் இடங்களில் மட்டும் அது மதிப்பீட்டினுள் வரலாம். வாசகர் கருத்துக்களை ஆய்வுப் பொருளாகக் கொள்ளும் மாணவர், அவற்றைக் கூட்டிச் சராசரி காண்பதோடு அமையாது, ஒவ்வொரு கருத்தும் உதவுவோர் நிலையினின்று எழுந்ததோ மதிப்பிடுவோர் நிலையினின்று எழுந்ததோ என முதற்கண் பிரித்தறிவாராக. ஒருவர் கடன் தீரக் கதை கொடுத்த எழுத்தாளர்க்கு வாசகர் செய்யத்தக்க கைம்மாறு, அக்கதையைக் கூர்ந்து படித்து உள்ளவாறு உரைத்தலே ஆகும்.