ஜாக்கியும் சங்கிலியும்

மிச்சிகன் ஏரியைக் கடந்த ரயில் படகுகளில் என்னை மயக்குவது பயணம் அல்ல, பெட்டிகளை ஏற்றிய விதம்தான். அந்நாளில் லடிங்டன் துறையில் பேட்ஜர் என்ற கப்பல் பின்பக்கமாக வந்து ஒட்டும். அதன் தளத்தில் நான்கு தண்டவாளத் தடங்கள் இருந்தன. ஷண்டிங் இன்ஜின் ஒரு ஓரத்தில் கொஞ்சம் தள்ளும், எதிர் ஓரத்துக்குப் போகும், திரும்ப இங்கே வரும். ஒரே பக்கம் அடுக்கினால் கப்பல் சாய்ந்துவிடுமே! இன்ஜின் பாரம் இணைப்புப் பாலத்தில் இறங்காதபடி நடுவே காலித் தட்டுவண்டிகள் வேறு.

அப்புறம்தான் கைவேலை. பெட்டிக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, ஸ்பிரிங்கின் ஆட்டம் அடங்கும்வரை உயர்த்துவார்கள். சக்கரத்துக்குக் கவ்வி. சங்கிலியை மாட்டி முறுக்க முறுக்க, கலகலத்த இரும்பு மெல்ல வாயடைத்துப்போகும். கரிப்புகையும் கிரீஸும் ஈர இரும்பும் கலந்த வாசம். மறுகரை சுமார் 60 மைல், நான்கு மணி நேரம். நவம்பர் காற்றில் ஏரி கடலாகவே புரளும். அந்த ஆட்டத்திலும் பெட்டிகளின் இடுக்கில் நுழைந்து, தளர்ந்த சங்கிலியைத் தொட்டே கண்டுபிடித்து இன்னொரு சுற்று இறுக்குவார்கள். மறுகரையான மானிடோவாக்கில் அத்தனையையும் அவிழ்த்து இறக்கியதும், கரையில் அடுத்த வரிசை தயாராக நிற்கும்.