சோதனையும் அன்றாட வாழ்வும்: பனியனும் கிருஷ்ணபிள்ளையும்

சமய இலக்கியம் என்றதும் அதனை வாழ்விலிருந்து விலகிச் செல்வோரின் இலக்கியமாகக் கொண்டு ஒதுக்கிவிடும் போக்கு முற்போக்குத் திறனாய்வாளரிடையே நெடுங்காலமாக இருந்து வந்துள்ளது. ‘சோதனையை வெல்லுதல்’ என்னும் கிறிஸ்தவப் பொருள் இவ்வாறு ஒதுக்கப்பட்டவற்றுள் ஒன்று. ஆயினும் இயேசு கற்பித்த செபத்தில் அன்றாட உணவுக்கான வேண்டுதலும் சோதனையிலிருந்து காக்கப்படுவதற்கான வேண்டுதலும் சேர்ந்தே இடம்பெறுகின்றன என்பது மனங்கொள்ளத்தக்கது. சோதனை உணவோடும் உழைப்போடும் ஒருங்கே வைத்து எண்ணப்பட்டதாகும். இவ்வுண்மையை ஆழமாக உணர்ந்த படைப்பாளிகளுள் ஜோன் பனியன் (1628–1688) முதன்மையானவர்.

பனியன் ஓட்டைப் பாத்திரங்களை அடைத்துப் பிழைத்த ஒரு தொழிலாளி. ஆங்கில உள்நாட்டுப் போரிலே பாராளுமன்றப் படையில் இருந்தவர். 1666இல் வெளிவந்த அவரது தன்வரலாற்றில் ஒரு பகுதி நம்மைத் திகைக்க வைக்கிறது. கிறிஸ்துவை விற்றுவிடுமாறு தூண்டும் ஒரு குரல் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் அவரை விடாது தொடர்ந்ததாம். உண்ணும்போதும், விறகு வெட்டும்போதும், கீழே கிடந்த குண்டூசியை எடுக்கக் குனியும்போதும் அக்குரல் கேட்டதாம். அக்குரல் பேசியது வாணிகத்தின் மொழி என்பதை நாம் கவனித்தல் வேண்டும். எல்லாவற்றுக்கும் விலை பேசப்படும் ஒரு சமுதாயம் உருவாகிக்கொண்டிருந்த காலத்தில், ஓர் ஏழைத் தொழிலாளியின் உள்ளத்திலே சோதனை ‘விற்றுவிடு’ என்ற வடிவிலேயே எழுந்தது.

அனுமதியின்றிப் போதித்தமைக்காக 1660இல் அவர் பெட்போட் சிறையில் இடப்பட்டார். இனிப் போதிப்பதில்லை என்று ஒப்புக்கொண்டிருந்தால் விடுதலை கிட்டியிருக்கும். வெளியே அவரது மனைவியும் பிள்ளைகளும் இருந்தனர். அவர்களுள் ஒரு மகளுக்குப் பார்வையில்லை. நாடாக்களுக்கு உலோக நுனியிட்டு விற்று, சிறையிலிருந்தே அவர்களுக்கு உதவினார். பன்னிரண்டு ஆண்டுகளாக நாள்தோறும் அவரைச் சோதித்தது யாது? குழந்தைமீதான பாசமே. தீயவற்றை விரும்புவது மட்டுமே சோதனை எனக் கருதும் மேம்போக்கான போதனைக்கும் இவ்வனுபவத்துக்கும் இடையே பெருந் தூரம் உண்டு.

1678இல் வெளியான ‘மோட்சப் பயணம்’ இவ்வனுபவத்திலிருந்தே பிறந்தது. அந்நூலைப் பற்றிப் பேசுவோர் யாத்திரிகன் அப்பொல்லியோனோடு பொருதும் காட்சியையே பெரிதும் எடுத்துக் காட்டுவர். எமது கருத்தில் அது நூலின் மையமன்று. மலைச்சரிவிலே இளைப்பாறுவதற்கென்றே அமைக்கப்பட்ட பந்தரில் யாத்திரிகன் உறங்கித் தன் சுருளைத் தவறவிடுகிறான். கரடுமுரடான வழியருகே காலுக்கு இதமான புற்றரை தென்பட, அதில் இறங்கி ஐயக் கோட்டையில் அகப்படுகிறான். பந்தரும் தீயதன்று, புல்லும் தீயதன்று. களைப்பும் கவனக்குறைவுமே அவனை வீழ்த்துகின்றன. பயணத்தின் இறுதிக் கட்டத்தில், உறக்கத்தை வருவிக்கும் மாய நிலத்தை அவனும் அவன் தோழனும் எவ்வாறு கடக்கின்றனர்? வாளால் அன்று, ஒருவரோடொருவர் இடையறாது உரையாடி விழித்திருப்பதன் மூலமே கடக்கின்றனர். அத்தோழனோ மாயச் சந்தையைச் சேர்ந்தவன். வீடும் நிலமும் பட்டமும் பதவியும் மனித உயிரும் விலைப்படும் அச்சந்தையில், வாங்க மறுத்த குற்றத்துக்காக ஒருவன் எரிக்கப்பட்டதைக் கண்டு மனம் மாறியவன். அங்கு நடைபெறும் போலி விசாரணையில் பனியன் தாம் அறிந்த நீதிமன்றங்களையே எழுதிக் காட்டினார் என்பதில் ஐயமில்லை.

இந்நூலைத் தமிழ் உரைநடையிலே தந்தோருள் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனைச் சேர்ந்த லீவை ஸ்போல்டிங்கும் ஒருவர். இதனைக் காப்பியமாக்கியவர் திருநெல்வேலி வைணவக் குடும்பத்தில் 1827இல் பிறந்து, 1858இல் கிறிஸ்தவரான எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. அவரது ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் வெளிவந்தது. ‘கிறிஸ்தவக் கம்பர்’ என்று அவரைப் போற்றுவோர் அப்பெயரிலேயே அடங்கியுள்ள சிக்கலை எண்ணிப் பார்ப்பதில்லை. கம்பன் வழிவந்த விருத்தம் பெருநிகழ்ச்சிக்கு உரியது. களைத்த இருவர் உறக்கத்தைத் தள்ளிப்போடப் பேசும் பேச்சுக்கு அது அத்துணை எளிதில் இடங்கொடாது. பாத்திரம் அடைப்பவனின் தெருமொழி புலவர் அவைக்கு ஏறியபோது சோதனையின் அன்றாடத் தன்மை மங்கியது என்றே நாம் கருதுகிறோம்.

எனினும் கிருஷ்ணபிள்ளை இழந்ததை வேறொரு வழியில் ஈடுசெய்தார். பனியன் சிலுவையடியில் யாத்திரிகனின் சுமை கழன்று விழுவதைச் சில வரிகளிலே சொல்லி நகர்கிறார். தமிழ்க் காப்பியமோ இரட்சணிய சரித படலத்தில் இயேசுவின் பாடுகளை விரித்துப் பாடுகிறது. அங்கே சோதனையை வெல்லும் ஆற்றல் விழிப்பிலிருந்து அன்றி, உருகுவதிலிருந்து பிறக்கிறது; பக்தி இயக்கத்தின் மரபு புதிய சமயத்துள் புகுந்த இடம் இதுவே. காப்பியத்தினிடையே அவர் அமைத்த பதிகங்கள் ‘இரட்சணிய யாத்திரிகத் தேவாரம்’ எனப்படுகின்றன. வைணவராய்ப் பிறந்து கிறிஸ்தவரான ஒருவரின் பாடல்கள் சைவர் பெயரைத் தாங்கி நிற்பது தனியே ஆராயத்தக்கது.

காப்பியத்தை முற்றும் கற்றோர் மிகச் சிலர். ஆயின் அவரது பாடல்கள் சில தமிழ்த் திருச்சபைகளில் வழிபாட்டுப் பாடல்களாக நிலைத்துவிட்டன. பதிகத்தில் பேசுபவன் இறைவன்முன் தனியே நிற்கிறான். பனியனின் வழித்துணைக்கு அதிலே இடமில்லை. பலர் கூடி அதனைப் பாடும்போதே அத்துணை மீண்டும் வந்து சேருகிறது.