காசிமேட்டுக்கு எந்தத் திரை?

வலைத்தள வடிவமைப்பில் பண்பாட்டு வேறுபாட்டைக் கணக்கில் எடுக்கும் முறை பெரிதும் டச்சு சமூக உளவியலாளர் கெர்ட் ஹாஃப்ஸ்டெடின் பண்பாட்டு அளவுகோல்களை ஒட்டி வளர்ந்தது. ஐபிஎம் ஊழியர்களிடம் 1967 முதல் 1973 வரை திரட்டிய விடைகளைக் கொண்டு அவர் 1980இல் ஒவ்வொரு நாட்டுக்கும் மதிப்பெண் கொடுத்தார். அதிகார இடைவெளியை ஏற்கும் மனப்பாங்கில் இந்தியாவுக்கு 77, அமெரிக்காவுக்கு 40. வடிவமைப்பு ஆய்வாளர்கள் ஏரன் மார்கஸும் எமிலி கூல்டும் 2000இல் இதை வலைத்தளங்களுக்குப் பொருத்தினார்கள். மலேசியப் பல்கலைக்கழகத் தளத்தில் முத்திரையும் தலைவர்களும், டச்சுப் பல்கலைக்கழகத் தளத்தில் மாணவர்களும் முன்னே நிற்பதைச் சுட்டிக்காட்டினார்கள்.

ஒரு நாட்டில் எளிதாக இருக்கும் திரை இன்னொரு நாட்டிலும் அப்படியே செல்லும் என்ற நம்பிக்கையை இந்த முறை உடைத்தது. அது பெரிய நன்மை. ஆனால் தளத்தை நடத்தும் நிறுவனத்தின் பழக்கத்தைப் பயனரின் தேவையாக எடுத்துக்கொள்ளும் பிழையும் இதில் ஒளிந்திருக்கிறது. நம் அரசுத் தளங்கள் பலவற்றில் முதல்வர், அமைச்சர் படங்கள் மேலே இருக்கின்றன. 77 மதிப்பெண்ணுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். கைபேசியில் மானியப் படிவம் தேடுகிறவருக்கோ அது விரலால் தள்ளிக் கடக்க வேண்டிய இடம், அவ்வளவுதான்.

நாட்டுச் சராசரி எவ்வளவு சிறிய இடத்திலேயே தோற்றுவிடும் என்பதைச் சென்னை ராயபுரத்தின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் காணலாம். ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம், செயற்கைக்கோள் அளந்த கடல்மேற்பரப்பு வெப்பத்தையும் பச்சையத்தையும் வைத்து மீன் கூடும் இடங்களைக் கணித்துத் தமிழிலும் தருகிறது. அட்டவணையின் ஒரு வரியில் திசை, கோணம், கிலோமீட்டரில் தொலைவு, மீட்டரில் ஆழம், அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் அடுத்தடுத்து வரும். விசைப்படகு ஓட்டுநருக்கு இது தோதானது. எண்களை அப்படியே ஜிபிஎஸ் கருவியில் போட்டுவிடுவார். பக்கத்திலேயே நிற்கும் ஃபைபர் படகுக்காரரின் கணக்கு வேறு. ஆழத்தைப் பாகத்திலும் (கை விரித்த அளவு), தொலைவை இன்ஜின் ஓடும் நேரத்திலும் டீசல் செலவிலும் நினைப்பவர் அவர். காற்று வாடையா (வடகாற்று) கச்சானா (மேல்காற்று), வெள்ளம் எனப்படும் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்த பிறகே கிளம்புவார். இருவருக்கும் ஒரே மொழி, ஒரே துறைமுகம், தொழில்முறைதான் வேறு. எழுத்தைத் தமிழாக்கியதோடு வேலை முடிந்தது என்பவர்கள் இந்த இடத்தைத் தவறவிடுகிறார்கள்.

எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஃபிஷர் ஃபிரெண்ட் செயலி மீனவரின் வேலையிலிருந்து தொடங்கியதால் ஒரு படி முன்னே நிற்கிறது. அலை உயரம், காற்று, எச்சரிக்கை எல்லாம் அதில் உண்டு. கடல் எல்லையை நெருங்கினால் எச்சரிக்கும் வசதி இலங்கை எல்லையை ஒட்டிய ராமேசுவரத்துக்கு உயிர்நாடி. வடக்கே ஆந்திரப் பக்கம் போகும் காசிமேட்டுப் படகுக்கு அவ்வளவு உதவாது. மீனவர்கள் நிரப்பும் பதிவுப் படிவங்களில் இன்னொரு சிக்கல்: தந்தை பெயரைத் தலைப்பெழுத்தாக மட்டும் வைத்திருப்பவரிடம் குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்டால், ஆளுக்கு ஒரு விதமாக நிரப்புவார்கள், பிறகு ஒரு சான்றும் இன்னொன்றோடு ஒத்துப்போகாது.

இதற்காகக் குப்பத்துக்குக் குப்பம் தனித்திரை செய்வதும் சரிவராது. தமிழகக் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டும். அத்தனை வடிவங்களைப் பராமரிக்க ஆள் கிடைக்காது. தனித்திரையில் பொது அளவு விடுபட்டால் ஆபத்தும் உண்டு. நடுக்கடலில் இன்ஜின் நின்று 1554 எண்ணில் கடலோரக் காவல்படையை அழைக்கும்போது, தேடிவரும் கப்பலுக்கு வேண்டியது அட்சரேகையும் தீர்க்கரேகையும்தான். அதனால் பொது அளவைத் திரையிலிருந்து எடுக்கக் கூடாது; பாகக் கணக்கை முதலில் பெரிதாகக் காட்டி, மீட்டரையும் அட்சரேகை, தீர்க்கரேகையையும் அதன் கீழேயே வைக்கலாம்.