எண் உள்ள துப்பாக்கி, எண் இல்லாத துப்பாக்கி

கென்னத் ஆண்டர்சனின் வேட்டைக் கதைகளை வாசித்தவர்களுக்குப் புலியோடு ஓர் எண்ணும் ஞாபகத்தில் ஒட்டிக்கொள்ளும்: .405. பெங்களூர்க்காரரான அவர் ஜவளகிரி, அஞ்செட்டிக் காடுகளில் தூக்கித் திரிந்த வின்செஸ்டர் ரைஃபிளின் தோட்டா அது. 1904இல் வந்த சரக்கு. ஜிம் கார்பெட்டுக்கு .275 ரிக்பி. 1890களின் ஜெர்மன் மவுசர் தோட்டாவுக்கு லண்டன் கம்பெனி வைத்த பெயர். இரண்டுமே நூறு வயசைத் தாண்டியவை, இன்றும் வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் தேடி வாங்குகிறார்கள். நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டைக் காலம் முடிந்தது. ஆனாலும் துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத நம்மையும் அந்த எண்கள் இழுக்கின்றன. ஏன்?

பழசின் மேல் ஏக்கம் என்று முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. .405இன் குண்டு 300 கிரெயின், அதாவது 19 கிராம் சொச்சம். மழுங்கிய மூக்கு. கிளம்பும்போது நல்ல அடி. தூரம் போகப்போக வேகமும் உயரமும் சட்டென்று இறங்கிவிடும். அதனால் கிட்டப் போயே ஆகணும். கிட்டப் போகிறவன் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, கேளையாடு எதைப் பார்த்துக் கத்தியது, கால் வைக்கும் இடத்தில் சருகு காய்ந்திருக்கிறதா என்று பார்த்தாகணும். ஆண்டர்சன் எழுத்தின் உயிர் அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது. மலை உச்சியில் உட்கார்ந்து தொலைநோக்கி வைத்துச் சுட்டிருந்தால் புலி செத்திருக்கும், கதை பிறந்திருக்காது. (குறைந்த மெமரியில் எழுதின பழைய புரோகிராம்கள் பற்றி இங்கே ஒரு பத்தி எழுதக் கை துறுதுறுக்கிறது. வேண்டாம்.)

இதுவரைக்கும் ரசனை. எண்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால்தான் சங்கடம். 1907 வாக்கில் பிரிட்டிஷ் அரசு இந்தியாவில் .450 காலிபரைத் தடை செய்தது. பழைய மார்ட்டினி-ஹென்றி பட்டாளத் துப்பாக்கிக்கும் அதே அளவு. குண்டு கலகக்காரர்கள் கைக்குப் போய்விடும் என்று பயம். லண்டன் கம்பெனிகள் அளவைக் கொஞ்சம் நகர்த்தி .465, .470 என்று விற்றன. இன்று ‘கிளாசிக்’ என்று கொண்டாடப்படும் யானைத் தோட்டாக்கள் அந்தத் தடையின் பிள்ளைகள். சுதந்திர இந்தியாவிலும் .303 ராணுவத் தோட்டா சாதாரண ஆளுக்குக் கிடையாது. இஷாப்பூர் அரசுத் தொழிற்சாலை அவனுக்குச் செய்து கொடுத்தது .315 ரைஃபிள். அதன் தோட்டா 19ஆம் நூற்றாண்டு ஆஸ்திரிய மான்லிக்கர். அது இங்கே பிழைத்துக் கிடப்பது ரசனையால் இல்லை, லைசென்ஸ் விதியால்.

லைசென்ஸ் இல்லாதவன் கையில் என்ன இருந்தது? அதற்கு எங்க ஊர்ப்பக்கம் வரணும். அதிராம்பட்டினத்தில் ரைஃபிளுக்கு வேலை கிடையாது. உப்பளமும் அலையாத்திக் காடும் வயலுமாக மட்டமான பூமி. குறி தப்பிய ரைஃபிள் குண்டு கிலோமீட்டர் கணக்கில் போகும். கோடியக்கரை வரைக்கும் நீளும் சதுப்பில் வலசை வரும் வாத்துக்கும் உள்ளானுக்கும் ரவைதான் சரி. வசதியுள்ளவர்களுக்கு 12 போர். நரிக்குறவர்களிடம் இருந்ததோ, வாய்வழியாகக் கரிமருந்தும் ரவையும் போட்டுக் கம்பியால் இடிக்கிற நாட்டுத் துப்பாக்கி. அதற்கு எண் கிடையாது.

வேட்டை இலக்கியத்தில் இந்த எண் இல்லாத துப்பாக்கி எங்கே வருகிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் குற்றவாளியாக. யாரோ சுட்டுக் காயப்படுத்தினான், புலி ஆட்கொல்லியானது. 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படும் சம்பாவத் பெண்புலியின் கோரைப்பற்கள் உடைந்ததற்கும் பழைய துப்பாக்கிச் சூடுதான் காரணம் என்கிறார் கார்பெட். கெடுத்த குண்டுக்கு அடையாளம் இல்லை. முடித்துவைத்த குண்டுக்குக் காலிபர், கம்பெனி எல்லாம் உண்டு. இந்த ஓரவஞ்சனையை ரசிகர்கள் பேசுவதே இல்லை.

கார்பெட் நேர்மையான ஆள் என்பதால் அவரே நமக்கு ஒரு சாட்சியைத் தருகிறார். 1907இல் அந்தப் புலியை எதிர்கொண்டபோது அவருடைய ரைஃபிளில் தோட்டா தீர்ந்துபோனது. ஓடிப்போய்த் தாசில்தார் வைத்திருந்த லொடலொட துப்பாக்கியை வாங்கிவந்துதான் கடைசிச் சூட்டைச் சுட்டார். அந்த வேட்டைக்குப் பரிசாகக் கிடைத்ததுதான் .275 ரிக்பி. பிற்பாடு அது அவருடைய பதிப்பாளர்களான ஆக்ஸ்ஃபோர்டு பிரஸ்ஸிடம் போய், பிறகு ரிக்பி கம்பெனியே அதை வாங்கி, 2016இல் குமாயுனுக்குக் கொண்டுவந்து காட்டியது. தாசில்தாரின் துப்பாக்கிக்கு அப்படி ஓர் ஊர்வலம் கிடையாது.